பெயர் தெரியாத சிவப்புக் கட்டையில் கீரை மத்து செய்யலாமா?

கீரைக்கட்டு (ஆயர் ஈத்தாம்):
எல்லாருக்கும் வணக்கம். மாமனார் வீட்டுக் கொல்லையில் முக்காலி உயரத்துக்கு ஒரு மரத்துண்டு பல வருடமாகக் கிடக்கிறது. சாலையோர மரத்தை வெட்ட வந்தவர்கள் விட்டுப்போனதை உட்காருவதற்காக உருட்டிக்கொண்டு வந்தாராம். என்ன மரம் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. பட்டை முழுதும் உதிர்ந்துவிட்டது. போன வாரம் வீட்டுக்காரர் ஓரத்தில் கைரம்பம் போட்டுப் பார்த்தார். வெளியே வெளுத்துக் கிடந்தாலும் உள்ளே செங்கல் நிறம், நடுவில் கருஞ்சிவப்பு வரிகள். அறுக்கும்போது லேசாக ஒரு நல்ல வாசம் வேறு.

எனக்கு இதில் ஒரு கீரை மத்து வேண்டும். கடையில் வாங்குவதெல்லாம் வார்னிஷ் அடித்து வருகிறது, சூடான பருப்பில் இறக்கினால் அந்த வாடை குழம்பு வரை வருகிறது. வீட்டில் ரம்பம், டிரில், அரம், இரண்டு உளி இருக்கின்றன. இந்தக் கட்டையில் செய்யலாமா? உப்புத்தாள் போட்டு இழைக்க ஆரம்பிக்கலாமா?

தச்சுப்பட்டறை (நிபோங் திபால்):
தங்கச்சி, என்ன மரம் என்று தெரியும்வரை உப்புத்தாளைத் தொடவேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். முதலில் இது முக்கியம்.

சிவப்பு நிறம், கரு வரி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ரெங்காஸ். பார்க்க அவ்வளவு அழகான மரம். ஆனால் அதன் பால் தோலில் பட்டால் கொப்பளித்துப் புண்ணாகும். சிலருக்குக் காய்ந்த மரத்தின் தூள் பட்டாலே முகம் வீங்கிவிடும். மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம்தான். ஊரில் வண்ணார் துணிக்குக் குறி போடுவார்களே, அந்தச் சேராங்கொட்டைப் பால் கையில் பட்டால் என்ன ஆகும் என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ரெங்காஸும் அந்த வகைதான்.

சாலையோரத்தில் ரெங்காஸ் வைப்பது அபூர்வம், அதனால் உங்களுடையது வேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் உறுதியாகும்வரை முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

பாயான்_பையன் (பாயான் லெப்பாஸ்):
அக்கா, எனக்கு மெர்பாவ் மாதிரி தெரிகிறது. எங்கள் வீட்டுப் படிக்கட்டு மெர்பாவ்தான், அதே நிறம். 2019இல் நம் மலேசியாவின் தேசிய மரமாக அறிவித்ததும் இதைத்தான். இரும்பு மாதிரி உறுதி. மத்துக்கு அதைவிட நல்ல மரம் எங்கே கிடைக்கும்? தாராளமாகச் செய்யுங்கள்.

தச்சுப்பட்டறை (நிபோங் திபால்):
தம்பி, மெர்பாவ் உறுதியான மரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சமையலுக்கு உறுதி மட்டும் போதாது. புதிதாக மெர்பாவ் தளம் போட்ட வீட்டில் முதல் மழைக்குப் பிறகு சிமெண்டுத் தரையைப் பார்த்திருக்கிறாயா? காபி டிகாக்ஷன் ஊற்றியது போலக் கறை இறங்கியிருக்கும். தண்ணீர் பட்டால் அதன் சாயம் வெளியே வரும். இரும்புத் தூளும் ஈரமும் சேர்ந்தால் அதே இடம் கறுத்தும் போகும். பருப்பு கொதிக்கும் சட்டிக்குள் போகிற பொருளை அதில் செய்ய நான் சம்மதிக்கமாட்டேன்.

தங்கச்சி, மூன்று காரியம் செய்து பாருங்கள்.

ஒன்று, கூரான கத்தியால் குறுக்குவெட்டு முகத்தில் கட்டைவிரல் அகலத்துக்குச் சுத்தமாகச் சீவி, வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிக் குத்து மாதிரி துளைகள் தெரியும். சில துளைகளுக்குள் கந்தகப் பொடி போல மஞ்சளாக ஏதாவது அடைத்திருந்தால் மெர்பாவுக்குப் பெரிய அடையாளம்.

இரண்டு, கொஞ்சம் சீவலைக் கண்ணாடி டம்ளரில் நல்ல தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். என்ன நிறம் இறங்குகிறது என்று எழுதுங்கள்.

மூன்று, அந்தச் சீவலையும் துண்டையும் வெறும் கையால் தொடாதீர்கள். தோலில் தேய்த்துப் பார்க்கிற பரிசோதனை வேண்டவே வேண்டாம்.

கெப்போங்வாசி (கோலாலம்பூர்):
அண்ணன் சொன்ன இரண்டாவது சோதனையோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த டம்ளரை வெயிலில் வைத்து, பின்னால் கறுப்புத் துணியோ கறுப்புப் பையோ பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து விழ வேண்டும். ஏன் என்று இப்போது சொல்லமாட்டேன், சொன்னால் இல்லாததும் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம், பலகையின் நீளவாக்கு முகத்தை நன்றாகச் சீவிவிட்டுச் சாய்த்துப் பாருங்கள். குளத்துத் தண்ணீரில் காற்று அடித்தது போல மிக நுணுக்கமான குறுக்கு வரிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, தெரிகிறதா? 10 மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது.

இதிலெல்லாம் முடிவு கிடைக்காவிட்டால் இங்கே கெப்போங்கில் வன ஆய்வுக் கழகம் இருக்கிறது. மரத்துண்டைப் பார்த்து இன்னது என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே உண்டு. கைக்குள் அடங்குகிற துண்டு போதும், ஆனால் வைரம் பாய்ந்த உள்கட்டையாக இருக்க வேண்டும், வெளிறு வேண்டாம்.

கீரைக்கட்டு (ஆயர் ஈத்தாம்):
அண்ணன், கெப்போங் ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. செய்து பார்த்துவிட்டேன்.

துளைகளில் மஞ்சள் பொடி இல்லை. ஆனால் துளைகள் எல்லாம் ஒரே அளவாக இல்லை. வளையம் வளையமாக, ஒரு வரிசை பெரிதாகவும் அப்புறம் சின்னதாகவும் போகிறது. நீளவாக்கில் நீங்கள் சொன்ன அலை வரி நன்றாகவே தெரிகிறது. சாய்த்தால் தெரிகிறது, நிமிர்த்தினால் மறைகிறது.

தண்ணீர்தான் ஆச்சரியம். முதலில் வெளிர் மஞ்சளாக, இஞ்சித் தண்ணீர் மாதிரி இறங்கியது. பின்பக்க வாசலில் வெயிலுக்குக் கொண்டுபோய்க் கறுப்புப் பையைப் பிடித்தால், டம்ளரின் ஓரமெல்லாம் நீலம்! மயில்கழுத்து நீலம் மாதிரி ஒரு மினுக்கம். டம்ளரைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பார்த்தால் மறுபடி மஞ்சள். வீட்டுக்காரர் நம்பாமல் வேறு டம்ளரில் புதுத் தண்ணீர் ஊற்றிச் செய்தார். அதிலும் அதே நீலம். மாமியாருக்குக் கொஞ்சம் பயம், இதைக் கீழே கொட்டிவிடு என்கிறார்.

கெப்போங்வாசி (கோலாலம்பூர்):
பயம் வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். அந்த நீலம்தான் விடை. அங்சானா. வடக்கே செனா என்றும் சொல்வார்கள், கெடாவில் போக்கோக் செனா என்று ஒரு ஊரே இருக்கிறது. தாவரப் பெயர் டெரோகார்ப்பஸ் இண்டிகஸ். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நிழலுக்காகச் சாலையோரம் வைத்த மரம்.

நம் வேங்கையும் செம்மரமும் இதே டெரோகார்ப்பஸ் இனம்தான், ஆகவே ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் சத்து தண்ணீரில் கரைந்து வெயிலில் நீலமாக மினுங்கும். இந்தக் குணத்துக்காகவே பிலிப்பீன்ஸில் இதே மரத்தில் கடைந்த குவளைகள் ஒரு காலத்தில் ஐரோப்பா வரை மருந்துக் குவளையாகப் போயின. அப்படிப்பட்ட நீலத் தண்ணீரில் புளிப்பு சேர்ந்தால் நீலம் போய்விடும் என்று விஞ்ஞானி ராபர்ட் பாயில் 1664இலேயே எழுதியிருக்கிறார். நீங்களும் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள்.

உறுதிப்படுத்த ஒரே ஒரு கேள்வி. அந்த மரம் நின்றபோது, சில நாள் காலையில் ரோடு முழுக்க மஞ்சள் பூ கொட்டிக் கிடந்ததா? காய் வட்டமாக, தட்டையாக, சுற்றிலும் இறக்கை வைத்த மாதிரி இருந்ததா?

கீரைக்கட்டு (ஆயர் ஈத்தாம்):
மாமியாரிடம் கேட்டேன். உடனே சொன்னார், "ஆமாம், ஒரே நாளில் பூத்து ஒரே நாளில் கொட்டும், கூட்டி மாளாது." காயையும் கையால் வட்டம் போட்டுக் காட்டினார். எலுமிச்சை விட்டதும் நீலம் சட்டென்று போய்விட்டது, பிள்ளைகள் விடாமல் இன்னும் டம்ளர் கேட்கிறார்கள்.

அப்போது ரெங்காஸ் இல்லை, மெர்பாவும் இல்லை. சரி, மத்து செய்யலாம்தானே?

தச்சுப்பட்டறை (நிபோங் திபால்):
பெயர் தெரிந்ததில் ரொம்பச் சந்தோஷம். ஆனால் மத்து மட்டும் வேண்டாம், தங்கச்சி.

காரணத்தை நீங்களே டம்ளரில் பார்த்துவிட்டீர்கள். பச்சைத் தண்ணீரில் ஒரு மணி நேரத்தில் இவ்வளவு இறங்குகிற மரம், கொதிக்கிற புளிக்கீரையில் எவ்வளவு இறங்கும்? ஒரு தட்டு, ஒரு பெட்டி, ஒரு கைப்பிடி என்றால் நானே செய்யச் சொல்வேன். ஆனால் மத்து சூட்டிலும் புளிப்பிலும் உப்பிலும் தினமும் முங்குகிற சாமான். அதற்கு வாசம் இல்லாத, சாயம் இறங்காத, பால் இல்லாத மரம்தான் சரி. பட்டறையில் யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

மூலிகைத்தோட்டம் (செந்தூல்):
இதை ஏற்க முடியவில்லை ஐயா. ஊரில் வேங்கைக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கிறார்கள், சர்க்கரை நோய்க்கு நல்லது என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். அதே இன மரம் என்றால் கீரையில் கொஞ்சம் இறங்கினால் நன்மைதானே? மாத்திரை சாப்பிடுவதைவிட இது மேல்.

தச்சுப்பட்டறை (நிபோங் திபால்):
நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் அந்தக் குவளையை மருந்து என்று தெரிந்து, தனக்கு வேண்டும் என்று ஒருவர் எடுத்துக்கொள்கிறார். கீரை மத்து அப்படியில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஊட்டுகிற சாதத்தில் அது சேர்கிறது, அளவும் யாருக்கும் தெரியாது. உடம்பில் வேலை செய்யும் மரம் என்று நீங்களே சொல்கிறபோது, அதைத் தெரியாமல் தினமும் கொடுப்பது நியாயமில்லை. இன்னொன்று, இது வேங்கையின் சொந்தம்தான், வேங்கையே அல்ல. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குவளைத் தண்ணீரை நம்பி மாத்திரையை நிறுத்தவும் கூடாது. இங்கே படிப்பவர்கள் பலர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பாயான்_பையன் (பாயான் லெப்பாஸ்):
அப்போது பலா? மிருதங்கமும் வீணையும் செய்கிற மரம், கம்பத்தில், அதாவது கிராமத்தில், வீட்டுக்கு வீடு இருக்கிறது.

கெப்போங்வாசி (கோலாலம்பூர்):
பலாவும் சாயம் இறங்கும் மரம், தம்பி. புத்த பிக்குகளின் காவிக்குப் பலாவின் உள்கட்டையை வேகவைத்துத்தான் மஞ்சள் எடுத்தார்கள். கொய்யா இருந்தால் பார். நாரோட்டம் நெருக்கம், உறுதி. பம்பரத்துக்கும் கவட்டைக்கும் கொய்யாக் கிளையைத் தேடியது அதனால்தான்.

கித்தாக்காடு (புக்கிட் மெர்தாஜாம்):
இவ்வளவு நேரம் யாருமே ரப்பர் மரத்தைச் சொல்லவில்லையே என்று ஆதங்கமாக இருக்கிறது. நம் பாட்டனும் பாட்டியும் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய கித்தா மரம், அதைவிட நம் மத்துக்கு உரிமையான மரம் ஏது?

1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த நாற்றுகளிலிருந்து பரவியதுதான் இங்குள்ள ரப்பர். அந்தக் காலத்து மரம் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. நட்டு 25, 30 வருடமாகிப் பால் ஓய்ந்தபின் மரத்தை வெட்டி மறுநடவு செய்வார்கள். என் அப்பா காலத்தில் வெட்டிய மரம் விறகுக்கும் கரிக்கும்தான் போகும். பினாங்கின் பிறை ஊரில் 1960களில் தொடங்கிய மலாயாவாத்தா எஃகு ஆலையில் உலைக்குப் போட்டது ரப்பர் மரக் கரி. லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு) அடுப்பில் எரிந்ததும் அதுதான். அந்த மரத்தில் மேசை நாற்காலி செய்து உலகத்துக்கே விற்கலாம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் தோட்டத்தில் நம்பியிருக்கமாட்டார்கள். இன்று மூவார் ஊரே அதில் பிழைக்கிறது.

மரம் வெளிர் நிறம். வாசம் இல்லை, ருசி இல்லை. கன மீட்டருக்கு 560 முதல் 640 கிலோ, ஆகவே கைக்கும் பாரம் தெரியாது. ஆனால் தோட்டத்தில் புதிதாக வெட்டிய கட்டையை வாங்காதீர்கள். மாவுச்சத்து நிறைய இருப்பதால் வெட்டிய சில நாளிலேயே நீலப் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைத்துத் தூளாக்கும். அதனால்தான் ஆலையில் போரான் மருந்து ஏற்றிச் சூளையில் காயவைக்கிறார்கள். நாற்காலிக்காக அறுத்த மிச்சத் துண்டில் என்ன மருந்து எவ்வளவு இருக்கும் என்று நமக்குத் தெரியாது. எனவே உணவுக்கென்றே விற்கிற, வார்னிஷ் அடிக்காத, தடித்த ரப்பர்க்கட்டை வெட்டுப்பலகை ஒன்றை வாங்கி அதிலிருந்து மத்தின் தலையை அறுத்துக்கொள்ளுங்கள்.

பழங்கட்டைப்பிரியன் (பட்டர்வொர்த்):
இடையில் ஒரு கேள்வி. என்னிடம் பழைய ரயில் சிலிப்பர் கட்டை இருக்கிறது, கெம்பாஸ் மரம் என்றார்கள். அதில் சப்பாத்திப் பலகை செய்யலாமா?

தச்சுப்பட்டறை (நிபோங் திபால்):
கூடாது. கெம்பாஸ் சிலிப்பருக்குக் கிரியோசோட் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். கறுப்பாக, தார் வாடையோடு இருக்கும். மாவு படும் பொருளுக்கு ஆகாது, அடுப்பிலும் எரிக்காதீர்கள். தோட்டத்து ஓரத்தில் அணை கட்டக்கூடக் காய்கறிப் பாத்திக்குத் தள்ளியே வையுங்கள். பச்சை சாயம் ஏறிய பழைய கட்டுமானப் பலகைக்கும் இதே பதில்தான், அதில் ஆர்செனிக் சேர்ந்த மருந்து இருக்கக்கூடும்.

கீரைக்கட்டு (ஆயர் ஈத்தாம்):
சரி, மத்து ரப்பரிலேயே. ஆனால் அங்சானாவை விட மனசு வரவில்லை. மாமனார் உட்கார்ந்த கட்டை, நிறமும் அப்படி இருக்கிறது. தண்ணீர் படாத சாமான் எதாவது சொல்லுங்கள் அண்ணன்.

தச்சுப்பட்டறை (நிபோங் திபால்):
சாமி மாடத்தில் குத்துவிளக்கு வைக்கிற பலகை செய்யுங்கள். எண்ணெய் சிந்தினாலும் மரத்துக்கு நல்லது, தண்ணீர் அதிகம் படாது, பித்தளைக்குக் கீழே அந்தச் செங்கல் நிறம் எடுப்பாக இருக்கும்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். எல்லாரும் இந்த மாதிரி உருளைக் கட்டையை அப்படியே வட்டமாக, தட்டு மாதிரி அறுப்பார்கள். அது வெடிக்கும். நடு நெஞ்சிலிருந்து வெளிப்பக்கம் வரை ஒரு பிளவு கட்டாயம் வரும், ஏனென்றால் மரம் சுற்றுவட்டத்தில் சுருங்குகிற அளவு ஆரத்தில் சுருங்காது. கட்டையை நிறுத்தி, நெடுக்காக அறுத்து, நடு நெஞ்சு இல்லாத பலகையாக எடுங்கள். ஓர் அங்குலத் தடிமன் போதும், வேலை முடியும்போது முக்கால் நிற்கும்.

அறுத்த உடனே இழைக்காதீர்கள். வெளியே வருடக்கணக்கில் கிடந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். இரண்டு முனையிலும் மெழுகு உருக்கித் தடவி, சின்னக் குச்சிகள் மேல் நிழலில் காற்றாட வையுங்கள். வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை போட்டு எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். பினாங்குக் காற்றில் அதற்கு மேல் காயாது, காயவும் வேண்டாம்.

இழைக்கும்போது அங்சானா கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதன் நார் ஒரு பட்டை இந்தப் பக்கமும் அடுத்த பட்டை அந்தப் பக்கமுமாகப் பின்னி ஓடும். இழைப்புளி ஒரு பட்டையில் வழுக்கிப் போகும், அடுத்ததில் பிய்த்துக்கொண்டு வரும். பிய்கிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டு, இரும்புச் சுரண்டித் தகட்டால் சுரண்டுங்கள். தகடு கூராக இருந்தால் தூள் வராது, மெல்லிய சுருள் வரும். அப்புறம் உப்புத்தாள் 120, 180, 240 என்ற வரிசையில். தூள் மூக்கில் ஏறினால் சிலருக்கு இழுப்பு வரும், முகக்கவசம் வேண்டும்.

பலகைக்குக் கீழே குறுக்காக இரண்டு சட்டம், பித்தளைத் திருகாணி. ஒவ்வொரு சட்டத்திலும் நடுத் துளை இறுக்கமாக, ஓரத் துளைகளை மட்டும் கொஞ்சம் நீளமாக இழுத்து விடுங்கள். மழைக்காலத்தில் பலகை அகலம் கூடும், வெயில் காலத்தில் குறையும், அதற்கு நகர இடம் வேண்டும்.

கித்தாக்காடு (புக்கிட் மெர்தாஜாம்):
மத்துக்கு நான் சொல்கிறேன். தலைக்குப் பசை வேண்டாம், வெள்ளைப் பசை சூட்டில் இளகிவிடும். தலையில் முழுத் துளை, கைப்பிடியின் கழுந்து (துளைக்குள் போகிற முனை) அடிவரை வந்து, ரம்பத்தால் அதில் ஒரு வெட்டு, அந்த வெட்டில் ரப்பர்க்கட்டையிலேயே சீவிய ஆப்பு. வெட்டு, தலையின் நாரோட்டத்துக்குக் குறுக்கே இருக்கட்டும். நாரோட்டத்தோடு ஆப்பு அடித்தால் தலை இரண்டாகப் பிளக்கும். கைப்பிடியை அடிக்குமுன் ஒரு வாரம் வெயிலில் போட்டுக் காயவையுங்கள். பின்னால் ஈரம் குடித்து ஊதும்போது தானே இறுகிக்கொள்ளும்.

மூலிகைத்தோட்டம் (செந்தூல்):
இரண்டுக்கும் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

தச்சுப்பட்டறை (நிபோங் திபால்):
விளக்குப் பலகைக்குத் தேங்காய் எண்ணெய் எனக்கு உடன்பாடு இல்லை, அது காய்ந்து இறுகாது, தூசி ஒட்டும். ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாக, துடைத்துத் துடைத்து மூன்று தடவை. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அது தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள்.

மத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் குடிக்கத் தக்க லிக்விட் பாரஃபின், அல்லது ஒன்றுமே பூசாமல் வடிகஞ்சியில் ஒரு நாள் ஊறவைத்துக் காயவைத்தாலும் போதும். கழுவியதும் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், ஈரத்தோடு டிராயரில் போட்டால் ரப்பர்க்கட்டை பூஞ்சை பிடிக்கும்.

கீரைக்கட்டு (ஆயர் ஈத்தாம்):
மத்து முடிந்துவிட்டது, நேற்று பசலைக்கீரை கடைந்தேன். வாடையே இல்லை. கித்தாக்காடு அண்ணே, ஆப்பு கல் மாதிரி நிற்கிறது. விளக்குப் பலகைக்கு நெடுக்காக அறுத்து மெழுகு தடவி வைத்திருக்கிறோம், எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும். சிவப்பு நிறம் அப்படியே நிற்குமா?

கெப்போங்வாசி (கோலாலம்பூர்):
நேர் வெயில் பட்டால் நாளாக நாளாகப் பழுப்பாகும். சாமி மாடம் ஜன்னலுக்கு எதிரே இல்லையென்றால் நிறம் பல வருடம் நிற்கும். எடை நின்றதும் எழுதுங்கள், சுரண்டித் தகட்டுக்கு முனை பிடிப்பது எப்படி என்று அண்ணன் விளக்குவார்.